சீசன் முடியும்வரை

“நேத்தோட வேலைய விட்டாச்சு” என்று சொல்லிக்கொண்டேதான் அக்கா அன்று காலை இரணியல் ஸ்டேஷனில் எங்கள் பெட்டிக்குள் ஏறினாள். தோளில் அதே பிரவுன் பை, கையில் அதே இரண்டடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். குடையை மடக்கி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்து வருடமாக உட்கார்ந்த இடத்தில் பத்து வருடமாக உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள். எதிரே இருந்த சூப்பரண்டு சார் பேப்பரை மடியில் இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வேலைய விட்டாச்சுன்னா பெறகு வண்டியில என்ன சோலி?” என்று கேட்டார். அக்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சீசன் டிக்கெட்டை எடுத்து, பரிசோதகரிடம் காட்டுவது போல அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இது முடிய இன்னும் ஒண்ணரை மாசம் கெடக்குல்லா சாரே. என்னத்துக்குப் பாழாக்கணும்?”

யாரும் சிரிக்கவில்லை. இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வந்தது எரிச்சல்தான். எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை என்பது கையில் கிடைத்த தங்கம், அதைக் கீழே போடுகிறவர்களுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் எட்டுப் பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பிழைப்பு திருவனந்தபுரத்தில். விடிந்தும் விடியாமலும் நாகர்கோவிலிலிருந்து கிளம்பும் பாசஞ்சர் வண்டி ஊர் ஊராக நின்று எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீசன் டிக்கெட். நாகர்கோவிலில் ஏறுகிறவர்கள் இரணியல்காரர்களுக்கும் குழித்துறைக்காரர்களுக்கும் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிப்போம். பையை எடுத்து மேலே வைத்துவிட்டு உட்காரத் துணிந்த வெளியாட்கள் அந்த வழியில் மறுபடி வந்ததில்லை. எதிரும் புதிருமான எங்கள் இருக்கைகளில் யாருக்கும் பெயர் கிடையாது. அரசாங்க அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்தவர் சூப்பரண்டு சார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். நான் கம்பெனிப் பிள்ளை, எங்கள் ஊரில் பெண்ணும் பிள்ளைதான். அவள் ஆஸ்பத்திரி அக்கா. வருடக்கணக்காக ஒருவர் கிழங்கை ஒருவர் தின்றுகொண்டு வந்தவர்களுக்கு, கல்யாணப் பத்திரிகை வந்தால்தான் மற்றவரின் பெயர் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் தீராத காரியம் எதுவானாலும் வண்டிக்கு வரும். பெண் பார்க்கப் போன இடம் சரியா, கிணற்றை எங்கே தோண்டுவது, மாமியாரை எந்த டாக்டரிடம் காட்டுவது, எல்லாம். “இன்னைக்கு ஒரு கேஸ் உண்டு” என்று யாராவது சொன்னதும் சூப்பரண்டு சார் பேப்பரை மடித்துவிடுவார். பாறசாலையில் சீட்டாட்டக் கோஷ்டி ஏறிச் சத்தம் போட ஆரம்பித்துவிடுமாதலால், அதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொல்ல, கடைசியில் சார் அதைத் திரட்டிச் சொல்வார். அது அநேகமாகச் சரியாக இருக்கும் என்பதுதான் எங்கள் பெருமை. என் கல்யாணமே பின்னாளில் அந்தப் பெட்டியில் பாஸான கேஸ்தான்.

அக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டி இருக்கும். மண்டைக்காட்டுப் பக்கம் வீடு. கணவர் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து நடுவொடிந்து திரும்பியவர். முடிந்த நாட்களில் நாலு ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், முடியாத நாட்களில் படுத்திருப்பார். ஒரே பெண், ஏழாம் வகுப்பு. வீடு நடந்தது அக்காவின் சம்பளத்தில். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், குணமானவர்களை வீட்டுக்கு அனுப்புகிற கண்ணாடிக் கவுண்டரில் அவளுக்கு வேலை. கேட்பதற்கு மங்களகரமான வேலைதான். டாக்டர் காலையிலேயே “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை ஏழெட்டுப் பேரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, காகிதமாக அக்காவின் மேசைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை, பை கட்டிப் பிளாஸ்க் தூக்கிப் புறப்பட்டு நிற்கிற அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஒரே ஆள் அவள்தான். “எனக்கு மலையாளம் நல்லாப் பேச வராது மக்கா. ஆனா அதுல உள்ள கெட்ட வார்த்தை முழுக்கத் தெரியும்” என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பெட்டியில் அவளைப் போலச் சிரிக்க வைக்க ஆள் கிடையாது. ஆனால் பாலராமபுரம் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். ஒரு சொல்லின் நடுவில்கூட நிற்கும். பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டுவாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு முன்னால் இருக்கிற பலகையைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு திருவனந்தபுரம் வரும்வரை அவளிடம் யார் பேசினாலும் “ம்” மட்டும்தான். கோத்த விரல்கள் லேசாக நடுங்குவதை, பக்கத்தில் உட்காருகிற நான் பார்த்திருக்கிறேன். ஊரார் எல்லாரும் வேலைக்குப் போகும்போது இப்படித்தான் இருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்து மூன்று வயதில் வேறு என்ன தெரியும்.

ஒரு ஆனி மாதக் காலையில், மழைக்காக ஜன்னலை இறக்கிவிட்டிருந்தோம். பள்ளியாடி தாண்டியதும் அக்கா, “இன்னைக்கு எனக்க கேஸு” என்றாள். “எனக்கு அந்த வேலை இனி வய்யா. விட்டுரட்டா?” என்று கேட்டாள். “வேற எங்க கெடச்சிருக்கு?” என்றார் சார். “எங்கயும் கெடைக்கல்ல. தேடவும் தெம்பு இல்ல. வீட்டுக்குப் போனா சோறு பொங்குகதுக்கே கை வரமாட்டேங்குது.”

டீச்சர்தான் முதலில் ஆரம்பித்தார். “சுகமில்லாத மனுசனையும் படிக்கப்பட்ட பிள்ளையையும் வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசுகிய?” என்றார். அடுத்தவர், அவருடைய அலுவலகத்திலும் இதே கதைதான், எங்கேதான் இல்லை என்றார். இன்னொருவர், யோகா செய்தால் சரியாகும் என்றார். எல்லாம் கேட்டுவிட்டு என் முறை வந்தது. நடுங்குகிற அந்த விரல்களைப் பார்த்தவள் அந்தப் பெட்டியில் நான் ஒருத்திதான். நானும், “வேற ஒண்ணு பாத்துக்கிட்டு விடலாம்லா அக்கா” என்றேன். எவ்வளவு பக்குவமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முடித்துவைத்தார். “இருக்கதை விட்டுட்டுப் பறக்கதைப் பிடிக்கப் போவாண்டாம். இங்க பறக்கதுகூட ஒண்ணும் இல்லியே. கொஞ்சம் சகிச்சுக்கிட்டுப் போங்க.” அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “செரி, இத்தனை பேரு சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றாள். பாறசாலை வந்தது. சீட்டாட்டக்காரர்கள் நனைந்த குடைகளோடு ஏறினார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் போனாள். எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் போனாள். சிரிக்க வைப்பது குறைந்து, பேச்சு நிற்கிற இடம் பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கும் பிறகு அமரவிளைக்கும் பின்வாங்கி வந்தது. அதைக் கவனித்தும் யாரும் கேஸை மறுபடி எடுக்கவில்லை. தீர்ப்புச் சொன்ன கேஸ் அல்லவா.

கார்த்திகை மாதம் ஒரு நாள், திருவனந்தபுரத்தில் எல்லாரும் இறங்கி நடந்த பிறகு பின்னால் அக்கா இல்லை என்று கண்டேன். திரும்பிப் போனேன். காலியான பெட்டியில் அதே இடத்தில், பையை மடியில் வைத்து, அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போய்விட்டார். வண்டி அடுத்து ஷெட்டுக்குப் போக வேண்டியது. “அக்கா, எறங்கல்லியா?” என்றேன். “எறங்கணும் மக்கா. கால் வரமாட்டேங்கு” என்றாள். அழவில்லை. பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துத் தூக்கி, படியில் இறக்கினேன். பாலம் ஏறி மறுபக்கம் இறங்கும்வரை கையை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றியும் விட்டேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இறங்க முடியாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தூக்கி எந்த இடத்துக்குப் போக முடியவில்லையோ அந்த இடத்துக்கே அனுப்பி வைத்தேன். பல வருடம் கழித்து இதை நினைத்து நான் வெட்கப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அது நடந்து இரண்டு வாரத்தில், தை பிறக்கும்வரைக்கும் எடுத்த சீசன் கையில் இருக்கும்போது, யாரையும் கேட்காமல் வேலையை விட்டாள். மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை.

சீசன் பாழாகக் கூடாது என்று சொன்னவள் அதைச் சொன்னபடி செய்தாள். தினமும் எங்களோடு ஏறினாள், எங்களோடு இறங்கினாள். நாங்கள் ஓட்டமும் நடையுமாக அலுவலகங்களுக்குப் போக, அவள் குடையை விரித்துக்கொண்டு நிதானமாக ஊர் பார்க்கப் போனாள். பத்து வருடமாக அந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்தது ஸ்டேஷன், பஸ், கண்ணாடிக் கவுண்டர் மூன்றும்தான். இப்போது மியூசியத்துக்குப் போனாள். மிருகக்காட்சிசாலையில் நீர்யானை வாய் திறப்பதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, அது திறக்காமலே போனதைச் சாயங்காலம் வந்து சொன்னாள். சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் மூன்று நாள் சுற்றினாள். சங்குமுகம் கடற்கரையில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டு, “கடலெல்லாம் நல்ல கடலுதான். ஆனா நம்ம மண்டைக்காட்டுக் கடலுக்கு இதை விட வாய் ஜாஸ்தி” என்று தீர்ப்புச் சொன்னாள்.

முதல் வாரம் பெட்டியில் ஒரு முறுகல் இருந்தது. அவளுடைய உற்சாகம் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் காதில் விழும்படியே டீச்சர், “சிலவங்களுக்கு யோகம்” என்றார். அக்கா கோபப்படவில்லை. “யோகம் ஒண்ணும் இல்ல டீச்சரே. வீட்டுல இருந்தா அவரு மொகத்தைப் பாக்கணும். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு, சொல்லாததுதான் கஷ்டம். அதுக்குப் பயந்துல்லா ஏறி வாறேன்” என்றாள். சீசன் பாழாகும் என்று சொன்னது பாதி உண்மைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு டீச்சர் அவளுக்கென்று தனியாக ஒரு துண்டு கிழங்கு கொண்டுவந்தார். மெல்ல மெல்ல, சாயங்கால வண்டியில் அக்கா ஏறியதும் எல்லாரும், “இன்னைக்கு எங்க போனிய?” என்று கேட்கத் தொடங்கினோம். நாள் முழுக்க ஃபைலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு வருகிற சார்கூட, நீர்யானை வாய் திறந்ததா என்று விசாரித்தார்.

ஒரு நாள் மட்டும் அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். அன்று அவள் பழைய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறாள். யாரையும் பார்க்க அல்ல. பார்வையாளர்களுக்குப் போட்டிருக்கிற நாற்காலியில், கவுண்டருக்கு எதிரே, சும்மா போய் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய இடத்தில் புதிதாக ஒரு சின்னப் பெண். ஒரு ஆள் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பெண் தலையைக் குனிந்து காகிதங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். “எனக்கு அழுகை தாங்கல்ல மக்கா. ஐயோ, பாவம் பிள்ளைன்னு நெனச்சேன். பெறகு யோசிச்சா, பத்து வருசம் அந்த எடத்துல நான் இருந்தேன். ஒரு நாளுகூட என்னைப் பாத்து நான் ஐயோ பாவம்னு நெனச்சதே இல்ல பாத்துக்கோ” என்றாள். பேசிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் நடுங்கவில்லை.

சீசன் முடிகிற கடைசி நாள் முந்திரிக்கொத்து சுட்டுக் கொண்டுவந்தாள். ஓய்வு பெறுகிறவர்கள்தான் பெட்டிக்குப் பலகாரம் கொடுப்பது வழக்கம். சூப்பரண்டு சார் ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சொல்வது போலவே எழுந்து நின்று “நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். சாயங்காலம் இரணியலில் இறங்கி, குடையை விரித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மழை ஒன்றும் இல்லை.

இதை இங்கே முடித்தால் அழகான கதையாக இருக்கும். ஆனால் அதற்கடுத்த ஒரு வருடம் அக்காவுக்குப் பொல்லாத வருடம். வேலை கிடைக்கவில்லை. பீஸ் கட்ட முடியாமல், பெண்ணைப் படித்துக்கொண்டிருந்த பள்ளியிலிருந்து எடுத்து வீட்டுப் பக்கத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெண் பல மாதம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பக்கத்து ஊரான திங்கள்சந்தையில் ஒரு சின்ன டாக்டரின் கிளினிக்கில், முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு வேலை அமைந்தது. இவையெல்லாம் நான்கைந்து வருடம் கழித்து, மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழாக் கூட்டத்தில் வளையல் கடை முன்னால் அவளைப் பார்த்தபோது அவளே சொன்னது. வேலையை விட்டதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். “வருத்தம் இல்லாம இருக்குமா? மகளுக்க மொகத்தைப் பாக்கும்போ எல்லாம் உண்டு” என்றாள். கொஞ்சம் யோசித்து, “ஆனா திரும்ப அந்த நாளு வந்தாலும் விடத்தான் செய்வேன்” என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். போன் நம்பரைக் குறித்துக்கொண்டு பிரிந்தோம். பிறகு பல வருடம் நான் அதில் அழைக்கவில்லை.

எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. புதுக்கடையில் வாழ்க்கைப்பட்டு, குழித்துறையில் வண்டி ஏறி, கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் யாருடைய கணினியாவது நின்றுபோனால் எங்கள் குழுவின் போன் அடிக்கும். குழுவுக்குத் தலைவி நான். தலைவி என்றால் திட்டை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவள். சில்லறையாக விற்க மனம் வராமல் நானே வைத்துக்கொண்டதுதான் வினை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றில் கை வைத்திருக்கும்போது போன் அடித்தால் நெஞ்சு பதறும். பக்கத்து வீட்டு போன் அடித்தாலும் பதறும். டாக்டர் மாத்திரை எழுதித் தந்துவிட்டு, “மாத்திரையால் மட்டும் ஆகாது” என்றார். போன மாதம் மானேஜர் கூப்பிட்டு இன்னொரு பெரிய குழுவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், ஏற்றுக்கொண்டால் இரண்டு வருடம் அசையக் கூடாது என்றார்.

கணவருக்குப் புதுக்கடையில் சின்னப் பெயின்ட் கடை. மகள் பிளஸ் டூ. வீட்டுக் கடன் இன்னும் பாதி கிடக்கிறது. சமையலறையில் வைத்து, வேலையை விட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டேன். அவர் காய்கறிப் பையை இறக்கிவைத்துக்கொண்டே, “வேற ஒண்ணு பாத்துக்கிட்டு விடலாம்லா?” என்றார். ஒரு எழுத்து மாறவில்லை. நான் ஒரு காலத்தில் அக்காவிடம் சொன்ன அதே வாக்கியம். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மறுநாள் வண்டியில், பாலராமபுரம் தாண்டியதும், என் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டியது. மாட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒவ்வொருவர் காதிலும் ஒரு இயர்போன், ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். கேஸ் போடலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவை அழைத்தேன். யோசனை கேட்க அல்ல. அந்தக் கார்த்திகை மாதத்துக் காலைக்கு மன்னிப்புக் கேட்க. நம்பர் மாறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மாறவில்லை. “கம்பெனிப் பிள்ளை பேசுகேன் அக்கா” என்றதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். மகள் கல்யாணமாகிப் பெங்களூரில், கணவர் நடமாட்டமாக இருக்கிறார், அவள் இன்னமும் அதே கிளினிக்கில் பாதி நாள் போகிறாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். அன்று உங்களைக் கையைப் பிடித்து இறக்கி அந்த ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏற்றிவிட்டேனே அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “நீ என்னட்டி சொல்லுக? அந்தப் பெட்டியில கெடந்த என்னை எட்டிப் பாக்கதுக்குத் திரும்பி வந்தது நீ ஒருத்திதானே. அந்தப் பாலம் முழுக்க எனக்க கைய விடாம வந்தியே. அந்தத் தெம்புல்லா எனக்கு விடுகதுக்கே தைரியம் தந்துச்சு” என்றாள்.

பல வருடமாக நான் குற்றம் என்று சுமந்துகொண்டிருந்ததை, அவள் அந்தப் பக்கம் இருந்து உதவி என்று வைத்திருந்தாள். யார் நினைவு சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. அக்கா, “நீ சொகமா இருக்கியா மக்கா?” என்று கேட்டாள். எத்தனையோ பேர் கேட்கிற கேள்வி, இருக்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்ன பதில். “இல்ல அக்கா” என்றேன். அவள் விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. “வீட்டுல சொன்னியா?” என்றாள். வேலையை விடலாமா என்று கேட்டேன் என்றேன். “அது கேஸு. சொகமில்லன்னு சொன்னியா?” என்றாள். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் குழித்துறை ஸ்டேஷன் வாசலில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றார். பாதி வழியில் ஒரு சாயாக்கடைப் பக்கம் நிறுத்தச் சொன்னேன். “எனக்கு சொகமில்ல” என்று ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பதற்றத்தை, மாத்திரையை, டாக்டர் சொன்னதை, பாலராமபுரத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். “வெள்ளிக்கிழமை லெட்டர் குடுக்கப் போறேன். வேற வேலை கையில இல்ல. கெடைக்குமான்னும் தெரியல்ல. எனக்குப் பயமா இருக்கு” என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். பழைய வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். “எனக்கும்தான்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அந்தப் பழைய பெட்டி முழுக்க விளங்கியது. சூப்பரண்டு சாருக்கு மூத்த மகளின் கல்யாணம் இருந்தது. டீச்சருக்கு நிரந்தரமாகாத வேலை. எனக்கு முதல் சம்பளத்தின் மயக்கம். ஒருத்தி இறங்கிவிட்டால் நாமும் இறங்க நேருமோ என்று எட்டுப் பேருக்கும் உள்ளூர நடுங்கியிருக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் புத்தி என்று பெயர் வைத்து அவள் கையில் கொடுத்தோம். எங்களுக்கும் பயமாக இருக்கிறது அக்கா என்று ஒருவராவது சொல்லியிருந்தால், அந்த ஐந்து மாதம் அவள் தனியாகப் போயிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தேன். கம்பெனி விதிப்படி இன்னும் ஆறு வாரம் போக வேண்டும். வேறு வேலை இதுவரை அமையவில்லை. சில நாள் விடியற்காலையில் மகளின் காலேஜ் படிப்பை நினைத்து எழுந்துவிடுவேன். அடுக்களையில் ஏற்கனவே விளக்கு எரியும், அவரும் தூக்கம் வராமல் எழுந்து சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருப்பார். இப்போதெல்லாம் இரண்டு பேருக்குமாகவே வைக்கிறார்.